போட்டி ஸ்கிராபிள்: எதை ஆடுவது, எதைக் கையில் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கிராபிள் விதிகள் தெரிந்து, ஓரளவு ஆடிப் பழகி, போட்டிகளில் உட்காரத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. எல்லாம் ஆங்கில ஸ்கிராபிளை, அதுவும் இருவர் ஆடும் போட்டி ஆட்டத்தை வைத்துப் பேசுபவை. 15க்கு 15 கட்டம் கொண்ட போர்டு, 100 எழுத்துக் காய்கள், அதில் எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய 2 பிளாங்க், ஆளுக்கு 7 காய் வைக்க ஒரு ராக், ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அந்த ஏழு காய் ஆட்டத்தைத்தான் பிங்கோ என்கிறோம். இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கலாம்.

ஆங்கிலத்தில் பெரிய புலமை இருந்தால்தான் போட்டியில் வெல்ல முடியுமா?

இல்லை. சொற்பட்டியல் தெரிய வேண்டும், அது வேறு. சொல்லின் பொருளோ, வாக்கியத்தில் அது எப்படி வரும் என்பதோ போர்டில் உதவாது. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பலமுறை ஆங்கில உலகச் சாம்பியனானவர். அவர் 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தையும், 2024இல் ஸ்பானிய மொழி உலகப் பட்டத்தையும் வென்றார். இரண்டு மொழியும் அவர் பேசும் மொழியல்ல. சொற்களை எழுத்து வரிசைகளாக மனத்தில் ஏற்றிக்கொண்டு ஆடினார்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உயர்நிலைப் போட்டிகளில் எதிரில் உட்காருபவருக்கும் அதே பட்டியல் தெரியும். அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது, தெரிந்த பத்துச் சொற்களில் இப்போது எதை ஆடுவது என்ற முடிவு. ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது: இப்போது கிடைக்கும் புள்ளி, ராக்கில் மிஞ்சும் காய்களின் தரம், போர்டில் எதிராளிக்கு விட்டுக்கொடுக்கும் இடம். இந்த மூன்றுக்கும் தர வேண்டிய எடை ஆட்டத்துக்கு ஆட்டம், முறைக்கு முறை மாறும். இனி வரும் பதில்கள் எல்லாம் அந்த எடையைப் பற்றியவைதான்.

அதிகப் புள்ளி தரும் சொல் கண்ணுக்குத் தெரியும்போது அதை ஏன் ஆடக் கூடாது?

பெரும்பாலும் ஆடலாம். இரண்டு நகர்வுகளுக்கு நடுவே 15 புள்ளி இடைவெளி இருந்தால், யோசிக்காமல் பெரியதை எடுப்பது அநேகமாகச் சரியாகவே இருக்கும். சிக்கல், இடைவெளி சிறியதாக இருக்கும்போதுதான்.

ஓர் உதாரணம். ஆட்டத்தை நீங்கள் தொடங்குகிறீர்கள். ராக்கில் எஃப், ஆர், ஓ, டபிள்யூ, என், எஸ், இ. 'ஃப்ரௌன்ஸ்' என்று ஆறு காய் இறக்கினால், எஃப் டபுள் லெட்டர் கட்டத்தில் (எழுத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டம்) விழும்படி வைத்து 32 புள்ளி. எஸ்ஸை விட்டுவிட்டு 'ஃப்ரௌன்' என்று ஐந்தெழுத்து வைத்தால், அதே கட்டத்தில் எஃப் விழுந்து 30 புள்ளி. புதிதாக வருபவர் 32ஐ எடுப்பார். இரண்டு புள்ளிக்காக ஓர் எஸ் போய்விட்டது. 30ஐ எடுப்பவர் கையில் இ, எஸ் இரண்டும் நிற்கின்றன. அது மட்டுமல்ல, போர்டில் கிடக்கும் 'ஃப்ரௌன்' வால்பக்கம் ஓர் எஸ்ஸை ஏற்றுக்கொள்ளும் சொல். அந்த எஸ் உங்களிடமே இருக்கிறது. இப்படி ஒரு சொல்லின் முன்னோ பின்னோ ஓர் எழுத்து ஒட்டும் இடத்தை ஹூக் என்போம். அடுத்த முறை குறுக்காக ஒரு சொல் ஆடும்போது அந்த ஹூக்கைப் பயன்படுத்தினால் இரண்டு சொல்லுக்கும் சேர்த்துப் புள்ளி கிடைக்கும்.

ஓர் எஸ்ஸின் மதிப்பு ஏறத்தாழ 8 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: 32க்கு எதிரே இருப்பது 30 அல்ல, 38. மிஞ்சும் காய்களுக்கு இப்படி ஒரு விலை வைத்துப் பார்க்கப் பழகியவருக்கு ஆட்டமே வேறாகத் தெரியும். இந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் வற்புறுத்துவேன்.

அப்படியானால் எந்தக் காய்களைக் கையில் வைக்க வேண்டும்?

பிளாங்க்தான் எல்லாவற்றிலும் மேல். அதற்குப் புள்ளி பூஜ்யம், மதிப்போ 25க்குக் குறையாது. அடுத்தது எஸ். மொத்தம் நான்குதான் இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒன்றோடொன்று எளிதாகச் சேரும் ஒற்றைப் புள்ளி எழுத்துகள்: இ, ஏ, ஆர், என், எல் போன்றவை.

தனிக் காயைவிடக் கூட்டணி முக்கியம். 'ரீடெய்ன்' என்ற சொல்லில் உள்ள ஆறு எழுத்துகள் ராக்கில் இருந்தால், ஏழாவதாக எது வந்தாலும் அநேகமாக ஒரு பிங்கோ பிறக்கும். எஸ் வந்தால் 'ரீடெய்ன்ஸ்', சி வந்தால் 'சர்டன்', எம் வந்தால் 'மினரெட்', கே வந்தால் 'கெராட்டின்', எச் வந்தால் 'ஹேர்நெட்', எஃப் வந்தால் 'ஃபெய்ன்டர்'. இந்த ஆறும் சேர்ந்து வரும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஆடும்போது ராக்கை இந்தத் திசையில் தள்ள வேண்டும் என்கிறேன்.

இரட்டை எழுத்து பெரும்பாலும் பாரம். ஐ இரண்டு, யூ இரண்டு, டபிள்யூ இரண்டு என்று நிற்கும் ராக் அடுத்த முறையையும் கெடுக்கும். வி இன்னும் மோசம், ஏனென்றால் வி வரும் ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூட ஆங்கிலப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் ஒட்டி ஆடுவதற்கு அது உதவாது. இரண்டு நகர்வுகள் புள்ளியில் சமமாக இருந்தால், இரட்டை எழுத்தைக் குறைக்கும் நகர்வையோ, வியைத் தள்ளிவிடும் நகர்வையோ எடுங்கள். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் ஏறத்தாழச் சமமாக மிஞ்சுவது நல்லது, மெய் ஒன்று கூடினாலும் பரவாயில்லை. பையிலிருந்து வரப்போவதில் இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8 என உயிரெழுத்துக்குப் பஞ்சமே இல்லை.

பிளாங்க்கை எப்போது செலவழிக்கலாம்?

பிளாங்க் இல்லாமல் ஆடக்கூடிய மிகச் சிறந்த நகர்வைவிட 25, 30 புள்ளி கூடுதலாகத் தந்தால். நடைமுறையில் இதற்குப் பொருள், பிங்கோவுக்காக வைத்திருங்கள் என்பதுதான். பை காலியாகப் போகும் நேரத்தில் இந்த விலை மளமளவென்று சரியும். கடைசி ஐந்து காயோடு நிற்பவருக்குப் பிளாங்க்கைப் பொத்தி வைப்பதில் பயனில்லை.

எஸ்ஸுக்கும் இதே அளவுகோல்தான், தொகை மட்டும் குறைவு. 8, 10 புள்ளி கூடுதல் வருமானால் எஸ்ஸைப் போடலாம். கையில் இரண்டு எஸ் இருந்தால் ஒன்றை இன்னும் தாராளமாகச் செலவழிக்கலாம்.

க்யூ வந்துவிட்டது, யூ இல்லை. என்ன செய்ய?

யூ இல்லாமல் க்யூவை ஆடும் சொற்களை முதலில் படித்துவிடுங்கள். போர்டில் ஓர் ஐ சரியான இடத்தில் நின்றால் க்யூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல் போதும். அது ட்ரிபிள் லெட்டர் கட்டத்தில் இரு பக்கமும் சொல்லாக அமைந்தால் ஒரே முறையில் 62 புள்ளி. ஃபக்கீர், நிகாப், தலாக் ஆகியவை ஆங்கில எழுத்துக்கூட்டில் யூ இல்லாத க்யூவோடு வரும், மூன்றும் செல்லும்.

இவற்றுக்கு வழியில்லை என்றால் க்யூவை வைத்துக்கொண்டு ஆறு காயோடு ஆடுவதாகத்தான் பொருள். ஒரு முறை பொறுக்கலாம். மூன்று முறை பொறுத்தால், ஒவ்வொரு முறையும் பிங்கோ வாய்ப்பை இழந்துகொண்டே இருக்கிறீர்கள். கடைசியில் கையில் மாட்டிக்கொண்டால், ஆட்டத்தை முடிப்பவருக்கு உங்கள் மிச்சக் காய்களின் மதிப்பு இரட்டிப்பாகப் போகும். க்யூ ஒன்றுக்கு மட்டும் 20. ஆகவே பையில் காய் குறைவதற்கு முன்பே முடிவெடுங்கள்.

காய்களை மாற்றிக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கிறதே?

அந்த எண்ணத்தால்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் ஒரு நகர்வு. அதற்குப் புள்ளி பூஜ்யம், ஆனால் மிஞ்சும் ராக் நன்றாக இருக்கும். யூ, யூ, ஐ, ஐ, வி, ஓ, இ என்று ஒரு ராக் வந்தால், 9 புள்ளிக்கு ஏதோ ஒன்றை ஆடிவிட்டு மிச்சக் குப்பையோடு நிற்பதைவிட, இ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆறையும் மாற்றுவது பல சமயம் மேல். 9 புள்ளிக்கு ஆடுபவர் அடுத்த முறையும் 9, 10 என்றே ஆட நேரிடும்.

பையில் குறைந்தது 7 காய் இருந்தால்தான் மாற்ற முடியும் என்பதை மறக்க வேண்டாம். பை 10, 11க்கு இறங்கும்போதே, இந்த வசதி அடுத்த முறை இருக்காது என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிங்கோ வரும் என்று ஒரே ஒரு காயை மட்டும் ஆடிக் காத்திருக்கலாமா?

மேலே சொன்ன 'ரீடெய்ன்' போன்ற ஆறு கையில் இருந்து, ஏழாவது காய்க்கும் போர்டில் இடம் இருந்தால், சில நேரம் சரி. இரண்டு நிபந்தனையும் வேண்டும். ஏழெழுத்தை வைக்க இடமே இல்லாத போர்டில் காத்திருப்பது வெறும் விரயம். எதிராளி உங்கள் 6 புள்ளி ஆட்டத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, இருக்கும் ஒரே இடத்தையும் அடைத்துவிடுவார்.

விலையைக் கணக்குப் போடுங்கள். 25 புள்ளி ஆட்டத்தை விட்டு 6 புள்ளி ஆட்டம் ஆடினால், 19 புள்ளி முதலீடு. பிங்கோ 75 புள்ளி தருமானால், ஆடாமல் விட்ட வழியில் சென்றிருந்தாலும் அடுத்த முறை எப்படியும் 25, 30 எடுத்திருப்பீர்கள். உண்மையான கூடுதல் 45 சொச்சம்தான். அதைப் பெறும் வாய்ப்பு பத்தில் நான்குக்கும் கீழே என்றால் கட்டுப்படியாகாது.

ட்ரிபிள் வேர்ட் கட்டத்தை எதிராளிக்குத் திறந்துவிடவே கூடாது என்கிறார்களே?

சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் ட்ரிபிள் வேர்ட் கட்டங்கள் போர்டில் எட்டு உண்டு. அவற்றைக் கண்டு நடுங்குவது தொடக்க நிலை ஆட்டக்காரர்களின் பொதுவான குணம். திறக்கவே கூடாது என்று எந்த விதியும் இல்லை. என்ன விலை என்பதே கேள்வி.

34 புள்ளிக்கு ஒரு சொல் ஆடலாம், ஆனால் ட்ரிபிள் வேர்டுக்கு வழி திறக்கும். 24 புள்ளிக்கு இன்னொன்று ஆடலாம், எதுவும் திறக்காது. எதிராளி எப்படியும் தன் முறையில் 30 போல எடுப்பார். திறந்த இடத்தால் அவருக்கு 42 கிடைக்கலாம் என்றால், உங்கள் நஷ்டம் 42 அல்ல, 12. அந்த இடத்துக்குப் பொருந்தும் காய்கள் அவரிடம் இருக்கும் வாய்ப்பு பாதி என்றால் நஷ்டம் 6. பத்துப் புள்ளி லாபத்துக்காக ஆறு புள்ளி நஷ்டத்தை ஏற்கலாம். 34ஐ ஆடுங்கள். அவர் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த இடம் உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

இதே கணக்கு மறுபக்கமும் திரும்பும். கட்டத்தை ஒட்டி ஓர் இ, ஏ போன்ற உயிரெழுத்தை விட்டுவைத்து, இன்னும் எக்ஸ், இசட், ஜே எதுவும் வெளியே வராத ஆட்டமாக இருந்தால், எதிராளியின் கூடுதல் 12 அல்ல, 30கூட ஆகலாம். என்ன திறக்கிறோம் என்பதோடு, எந்தக் காய்கள் இன்னும் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போர்டைத் திறந்து ஆடுவதா, மூடி ஆடுவதா?

ஆட்டத்தின் மிகச் சுவையான பகுதி இதுதான் என்பேன். பலர் இதை ஒரு குணமாகப் பேசுவார்கள்: இன்னார் திறந்து ஆடுபவர், இன்னார் மூடி ஆடுபவர் என்று. நான் அதை ஏற்கவில்லை. திறப்பதும் மூடுவதும் ஸ்கோரைப் பொறுத்த முடிவு.

நீங்கள் 80 புள்ளி முன்னால் இருக்கிறீர்கள், பையில் 20 காய் மிச்சம் என்று வையுங்கள். எதிராளி உங்களைப் பிடிக்க ஒரு பிங்கோ வேண்டும். உங்களுக்கு வேண்டியது, ஆட்டம் எதுவும் நடக்காமல் முடிவது. அப்போது 8 புள்ளி குறைவாக இருந்தாலும், பிங்கோ விழக்கூடிய நீண்ட வரிசையை அடைக்கும் சொல்லே நல்லது. பின்னால் எந்த எழுத்தையும் ஏற்காத சொற்களை, ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்குகளில் வைக்க வேண்டும். வியும் சியும் முடிவில் நிற்கும்படி ஆடுவதும் நல்ல அடைப்பு: வியின் மேல் குறுக்காக ஈரெழுத்துச் சொல் அமைக்கவே முடியாது, சியின் மேல் உலகப் பட்டியலில் சி-எச் என்ற ஒன்றுதான் உண்டு.

80 புள்ளி பின்னால் இருந்தால் எல்லாம் தலைகீழ். இடம் ஒன்றை மட்டும் திறந்தால் அவர் அடைத்துவிடுவார். ஒரே முறையில் அவரால் ஒன்றைத்தான் அடைக்க முடியும் என்பதால், இரண்டு இடங்களைத் திறக்கும் நகர்வைத் தேடுங்கள். நீங்கள் திறக்கும் இடத்தில் அவரே பிங்கோ ஆடிவிடலாம், உண்மைதான். 80இல் தோற்பதும் 150இல் தோற்பதும் வெற்றிக் கணக்கில் ஒன்றே. ஆனால் ஓர் எச்சரிக்கை: பல போட்டிகளில் வெற்றிகள் சமமானால் புள்ளி வித்தியாசத்தின் கூட்டுத்தொகைதான் தரவரிசையைத் தீர்மானிக்கும். வெல்லும் வாய்ப்பு துளியும் இல்லாத நிலையில், தோல்வியைச் சிறிதாக்குவதும் ஒரு குறிக்கோள்தான்.

2015இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரே உலகச் சாம்பியனானார். ஆப்பிரிக்காவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல்வர் அவர். நீண்ட சொற்கள் தெரிந்திருந்தும், தேவைப்படும்போது நான்கு, ஐந்து எழுத்தில் நின்று போர்டையும் நல்ல காய்களையும் கட்டுப்பாட்டில் வைக்கும் நைஜீரிய ஆட்ட முறை அப்போது உலகளவில் பேசப்பட்டது. குட்டைச் சொல் ஆடுவது தெரியாதவர் செய்வது என்ற நினைப்பு அதோடு போயிருக்க வேண்டும்.

முதல் நகர்வுக்குத் தனி உத்தி ஏதும் உண்டா?

அதிகம் இல்லை. முதலில் ஆடுபவருக்குச் சற்றே கூடுதல் சாதகம் உண்டு. நடு வரிசையில் டபுள் லெட்டர் கட்டம் நடுவிலிருந்து நான்கு கட்டம் தள்ளி இருப்பதால், ஐந்தெழுத்துச் சொல்லே அதை எட்டும். பெரிய மதிப்புள்ள எழுத்து அதில் விழும்படி பாருங்கள். உயிரெழுத்தை டபுள் லெட்டர் கட்டங்களின் அருகே வைக்கக் கூடாது என்று பழைய புத்திமதி ஒன்று உண்டு. அதனால் வரும் நஷ்டம் மிகச் சிறியது. அதற்காக ஐந்து புள்ளியைத் தியாகம் செய்ய வேண்டாம்.

எதிராளி ஆடிய சொல் செல்லுமா என்று சந்தேகம். எப்போது சேலஞ்ச் செய்வது?

எந்த விதியில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக அளவிலான பல போட்டிகளில், தவறாகச் சேலஞ்ச் செய்தால் எதிராளிக்கு 5 புள்ளி போகும். வட அமெரிக்கப் போட்டிகளில் தவறாகச் சேலஞ்ச் செய்தவர் தன் முறையையே இழப்பார். இந்த இரண்டும் முற்றிலும் வேறு ஆட்டங்கள்.

எதிராளி 70 புள்ளிக்கு ஒரு பிங்கோ வைக்கிறார். 5 புள்ளி விதியில், அது செல்லாது என்று பத்தில் ஒரு பங்கு சந்தேகம் இருந்தாலே சேலஞ்ச் செய்வது லாபம். பத்தில் ஒன்பது முறை 5 புள்ளி போகும், மொத்தம் 45. ஒரு முறை 70 மிச்சமாகும். முறையை இழக்கும் விதியில் உங்கள் நஷ்டம் 35 புள்ளி அளவுக்கு இருக்கும். அதனால் மூன்றில் ஒரு பங்காவது சந்தேகம் வேண்டும். 20 புள்ளிச் சொல்லுக்கு அந்த விதியில் சேலஞ்ச் செய்ய, அது தவறு என்று பாதிக்கும் மேலான உறுதி தேவை.

தெரிந்தே செல்லாத சொல்லை வைப்பது நேர்மையா என்றும் கேட்கிறார்கள். அதற்கு ஃபோனி என்று பெயர். விதி அதை அனுமதிக்கிறது, தண்டனையும் விதிக்குள்ளேயே இருக்கிறது: சேலஞ்ச் செய்தால் காய்களை எடுத்துக்கொண்டு பூஜ்யம் வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், நீங்கள் இறக்கிய காய்கள் எவை என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். நான் அதை ஆதரிக்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஆனால் 5 புள்ளி விதியில், தேர்ந்த எதிராளி முன்னால் அது பலிப்பது அரிது.

காய்க் கணக்கு வைப்பது எவ்வளவு முக்கியம்?

பிங்கோ தேடுவதைவிட முக்கியம் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். எந்தெந்தக் காய் வெளியே வந்துவிட்டது என்று தாளில் அடித்துக்கொண்டே வருவதைப் போட்டிகள் அனுமதிக்கின்றன. ஆட்டம் நடுவைத் தாண்டியதும் அந்தத் தாளைப் பாருங்கள். மிச்சமுள்ளதில் உயிரெழுத்து அதிகமா? அப்படியானால் கையிலுள்ள மெய்யெழுத்துகளுக்கு விலை கூடுகிறது. எஸ் நான்கும் வெளியே வந்துவிட்டனவா? அப்படியானால் எஸ் ஹூக் உள்ள இடத்தைத் திறந்து வைக்கத் தயங்க வேண்டாம், பிளாங்க் மட்டும்தான் அங்கே வர முடியும்.

பையில் 2 காய், எதிராளியிடம் 7, கண்ணில் படாதவை மொத்தம் 9. அவற்றில் ஓர் எஸ் இருந்தால், அது எதிராளியிடம் இருக்கும் வாய்ப்பு ஒன்பதில் ஏழு. இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு ஆட வேண்டும். பை காலியானதும் எதிராளியின் ராக் உங்களுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். அந்த நொடியிலிருந்து இதில் அதிர்ஷ்டம் என்பதே இல்லை.

பை காலியாகும் கட்டத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

யார் பையைக் காலி செய்வது என்பதை. பையில் 3 காய் இருக்கிறது. நீங்கள் மூன்று காய் ஆடினால் பை காலி, எதிராளிக்கு உங்கள் ராக் முழுதும் தெரியும், முதலில் ஆடும் முறையும் அவருடையது. இரண்டு காய் மட்டும் ஆடினால் பையில் ஒன்று நிற்கும். அவர் அரைகுறைத் தகவலோடு ஆட வேண்டும், கடைசிக் காயை அவர்தான் எடுப்பார், முழுத் தகவலோடு ஆடுவது நீங்கள். க்யூ இன்னும் வரவில்லை என்றால் இந்த ஒற்றைக் காய்க்கு வேறொரு எடையும் உண்டு: கண்ணில் படாத எட்டில் ஒன்று என்ற வாய்ப்பில் அது க்யூவாக இருக்கலாம், எடுக்க வேண்டியது அவர்.

எப்போதும் ஒன்றை விட்டுவைக்க வேண்டும் என்று இதை விதியாக்கிவிடக் கூடாது. முன்னால் இருந்து, அடுத்த முறையே எல்லாக் காயையும் இறக்கி முடிக்க வழி இருந்தால், காலி செய்வதே சரியாக இருக்கும்.

பை காலியான பிறகு, பெரிய புள்ளியைவிட வேகம் பல சமயம் மதிப்புள்ளது. ஒரு கணக்கு: இப்போதே 14 புள்ளிக்கு எல்லாக் காயையும் இறக்கி முடிக்கலாம். எதிராளி கையில் உள்ளவற்றின் மதிப்பு 11, இரட்டித்தால் 22. ஆக உங்களுக்கு 36. இன்னொரு வழி, இப்போது 24 புள்ளி எடுத்து, அடுத்த முறை 8 புள்ளிக்கு முடிப்பது. நடுவே எதிராளி 18 புள்ளி எடுத்துவிட்டு 3 புள்ளிக் காய்களோடு நிற்பார். 24உம் 8உம் 32, மிச்சக் காய்க்கு 6, மொத்தம் 38, அவர் எடுத்த 18 போக 20. பார்வைக்கு 24 பெரிதாகத் தெரிந்தாலும் 14தான் சரியான ஆட்டம்.

இன்னொன்று, எதிராளி எங்கே முடிக்கப் போகிறார் என்று பாருங்கள். அவருடைய வி போய் விழ ஒரே இடம்தான் இருந்தால், அதை இரண்டு புள்ளிச் சொல்லால் அடைத்தாலும் லாபம் வரலாம்.

நேரம் போதவில்லை. எங்கே மிச்சம் பிடிப்பது?

வழக்கமான போட்டியில் ஆளுக்கு 25 நிமிடம், தாண்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளி கழியும். தொடக்க நகர்வுகளில் 2, 3 புள்ளி வித்தியாசத்துக்காக நான்கு நிமிடம் யோசிக்காதீர்கள். கடைசி மூன்று நகர்வுகளுக்கென்று எட்டு நிமிடம் ஒதுக்கி வையுங்கள். சரியான விடை கணக்கில் கிடைக்கும் கட்டம் அதுதான்.

கணினி சொல்வதை அப்படியே ஏற்கலாமா?

பிரையன் ஷெப்பர்ட் உருவாக்கிய மேவன், பிறகு திறந்த மூல நிரலாக வந்த குவாக்கிள் ஆகியவை மனிதர்களின் ஆட்டத்தையே மாற்றின. 1995இன் உலகச் சாம்பியன் டேவிட் பாய்ஸை 2006இல் டொராண்டோவில் குவாக்கிள் 3க்கு 2 என்று வென்றது. இவை செய்வது எளிமையான காரியம். ஒவ்வொரு நகர்வையும் ஆடிப் பார்த்து, எதிராளிக்குக் காய்களைத் திரும்பத் திரும்பக் குத்துமதிப்பாகக் கொடுத்து, அடுத்த சில முறைகளை ஓட்டி, சராசரியை ஒப்பிடுகின்றன. மிஞ்சும் காய்களின் மதிப்பு என்று மேலே நான் சொன்ன தொகைகள் இப்படிப்பட்ட ஆய்வுகளால் உறுதிப்பட்டவை.

ஆனால் குத்துமதிப்பாகக் கொடுப்பதில் ஒரு குறை உண்டு. உங்கள் எதிராளியின் ராக் அப்படி அமைவதில்லை. போன முறை அவர் ஒரே ஒரு காயை மாற்றினார் என்றால், மிச்ச ஆறும் அருமையானவை. 40 புள்ளிக்கு அழைக்கும் இடத்தை அவர் தொடாமல் விட்டால், அதற்கான எழுத்து அவரிடம் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். எதிரில் இருப்பவரைப் படிக்கும் இந்தத் திறன் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கணினியிடம் கேளுங்கள், அதற்கு முன் உங்கள் காரணத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். எந்தக் காரணம் தவறியது என்று தெரிந்தால்தான் அந்த ஆய்வு உதவும்.

கடைசியில் எல்லாம் காய் வரும் யோகம்தானே?

ஒரே ஓர் ஆட்டத்தில் யோகத்துக்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்க முடியாது. அதனால்தான் போட்டிகள் பல சுற்றுகளாக நடக்கின்றன. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் லெக்சிங்டனில் மைக்கேல் கிரெஸ்டா ஒரே ஆட்டத்தில் 830 புள்ளி எடுத்தார். எதிராளி வெய்ன் யோராவுக்கு 490. 'குயிக்ஸட்ரி' என்ற ஒரே சொல்லுக்கு மட்டும் 365. வியந்து பார்க்க வேண்டிய ஆட்டம், ஆனால் கற்றுக்கொள்ள நான் அதை எடுக்க மாட்டேன். 380க்கு 372 என்று முடிந்த ஓர் ஆட்டத்தில் கற்க நிறைய இருக்கும்.

நாளை முதல் எதைப் பயில்வது?

ஈரெழுத்துச் சொற்கள் எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். நூற்றுச் சொச்சம்தான், பக்கவாட்டில் ஒட்டி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவைதான் ஆதாரம். பிறகு மூன்றெழுத்துச் சொற்கள், அவற்றோடு எந்த ஈரெழுத்துச் சொல் முன்னும் பின்னும் எதை ஏற்கும் என்ற ஹூக் பட்டியல். அதற்குப் பின் இசட், எக்ஸ், ஜே, க்யூ வரும் நான்கெழுத்துச் சொற்கள். ஏழெழுத்துப் பட்டியலுக்கு அதற்குப் பிறகு போகலாம், அதிலும் அடிக்கடி வரக்கூடிய எழுத்துக் கூட்டங்களிலிருந்து தொடங்குங்கள்.

கூடவே, ஆடிய ஆட்டங்களில் கடைசி ஐந்து நகர்வுகளை மட்டும் போர்டில் மறுபடி அடுக்கி, வேறு எப்படி முடித்திருக்கலாம் என்று தேடுங்கள். காய்கள் எல்லாம் தெரிந்த நிலை என்பதால் அங்கே சரியான விடை ஒன்று கட்டாயம் இருக்கும், கணினி இல்லாமலே அதைக் கண்டுபிடிக்க முடியும்.